நிறுத்தியாச்சு, சரி... திரும்பக் கொடுத்துப் பார்த்தீர்களா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பாலைப் பற்றியவை. இரண்டு கடிதங்களோடு டயப்பர் படமும் வந்திருந்தது. 30 வருடமாகக் குழந்தை மருத்துவம் பார்ப்பவளுக்கு அதில் ஒன்றும் கூச்சமில்லை. ஆனால் இதழ் அலுவலகத்தில் கடிதம் பிரிப்பவர் மதியச் சாப்பாட்டை முன்னால் வைத்துக்கொண்டு பிரித்துவிட்டாராம். அவருடைய பொறுமைக்கு மரியாதை செய்து, இந்த முறை முழுக்கப் பசும்பால் புரத ஒவ்வாமையையே எடுத்துக்கொள்கிறேன்.

முதல் கடிதம்: என் மகளுக்கு இரண்டரை மாதம். தாய்ப்பால் மட்டும்தான் கொடுக்கிறேன். மூன்று வாரமாக மலத்தில் சளி போல இழுக்கிறது, அதில் ரத்தமும் தெரிகிறது. மற்றபடி நன்றாகக் குடிக்கிறாள், சிரிக்கிறாள், எடையும் ஏறுகிறது. “உன் பால்தான் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, நிறுத்திவிட்டுப் புட்டிக்கு மாறு” என்கிறார்கள். நான் பால், முட்டை, மீன், கோதுமை, வேர்க்கடலை எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். ஆறு கிலோ இளைத்துவிட்டேன். இப்போதும் எப்போதாவது ரத்தம் வருகிறது. இன்னும் எதையெல்லாம் விட வேண்டும் டாக்டர்?

முதலில் போய் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

உங்கள் பால் உங்கள் மகளுக்கு ஒத்துக்கொள்ளாமல் இல்லை. பசும்பாலில் பீட்டா லாக்டோகுளோபுலின் என்று ஒரு புரதம் உண்டு. மனிதப் பாலில் அது கிடையாது. ஆனால் நீங்கள் பால் குடித்தால் அதில் கொஞ்சம் முழுதாகச் செரிக்காமல் ரத்தத்தில் கலந்து, தாய்ப்பால் வரைக்கும் வந்து எட்டிப் பார்க்கும். பசும்பால் குடிக்கிற தாய்மார்களில் ஏறக்குறைய பாதிப் பேருடைய பாலில் அதைக் கண்டுபிடிக்க முடிகிறது. அளவென்னவோ நானோகிராம் கணக்குத்தான். பெரும்பாலான குழந்தைகள் அதைச் சட்டையே செய்வதில்லை. சில குழந்தைகளின் பெருங்குடல் மட்டும் கோபித்துக்கொள்கிறது. உட்சுவர் லேசாகப் புண்ணாகி, நீங்கள் பார்க்கிற சளியும் ரத்தமும் வருகின்றன.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மஞ்சள் மலத்துக்கு நடுவில் கண்ணாடி போன்ற சளி, அதற்குள் தையல் நூலை அறுத்துப் போட்டதுபோல இரண்டு மூன்று சிவப்புக் கோடுகள். இந்த ஒவ்வாமையில் வழக்கமாகப் பார்ப்பது இதுதான். ஆனாலும் குழந்தையை நேரில் பார்க்காமல் நான் முடிவு சொல்ல மாட்டேன். ஆசனவாய் ஓரத்தில் சின்ன வெடிப்பு இருந்தாலும் ரத்தம் வரும். உங்கள் மார்புக்காம்பு வெடித்திருந்து, அந்த ரத்தத்தைக் குழந்தை விழுங்கியிருந்தாலும் மலத்தில் தெரியலாம். இவற்றை உங்கள் மருத்துவர் ஒருமுறை பார்த்துவிடட்டும். ரத்தம் அதிகமாக வந்தாலோ, வயிறு உப்பினாலோ, குழந்தை பச்சையாக வாந்தி எடுத்தாலோ, சோர்ந்து கிடந்தாலோ அது வேறு கதை. அன்றைக்கே ஓடிப்போக வேண்டும்.

அதெல்லாம் இல்லை என்றால், முட்டை, மீன், கோதுமை, கடலை எல்லாவற்றையும் இன்றே திரும்பச் சாப்பிடத் தொடங்குங்கள். விட வேண்டியது பாலையும் பாலில் செய்தவற்றையும் மட்டும்தான், அதுவும் இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்கு. தேநீரில் விடும் பாலும் கணக்கில் சேரும். பாலுக்குப் பதிலாக வெள்ளைப் பொடி ஒன்றைக் கலந்து குடிப்பவர்கள் அதன் உறையைப் படியுங்கள். “பால் இல்லாதது” என்று முன்பக்கம் போட்டுவிட்டு, பின்பக்கத்தில் பொடி எழுத்தில் சோடியம் கேசினேட் என்று போட்டிருப்பார்கள். கேசினேட் என்பது பால் புரதமேதான்! இந்த ஒரு டப்பாவால் ஒரு மாதப் பத்தியம் வீணாய்ப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். பாலை விட்டிருக்கும் நாட்களில் உங்களுக்குத் தினமும் 1000 மில்லிகிராம் கால்சியமும், கூடவே வைட்டமின் டி-யும் வேண்டும். மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பால்தான் காரணம் என்றால் சில நாட்களிலேயே ரத்தம் குறையும். சில குழந்தைகளுக்கு இரண்டு வாரம்கூட ஆகும். ரத்தம் நின்றதும் எல்லோரும் சந்தோஷமாக அங்கேயே நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்குக் கோபம் வருகிற இடம் அதுதான். நிறுத்திப் பார்ப்பது பாதிச் சோதனை. மீதிப் பாதி, நீங்கள் மறுபடி பால் குடித்துப் பார்ப்பது. ஒரு வாரம் வழக்கம்போலக் குடியுங்கள். ரத்தம் திரும்ப வந்தால் ஒவ்வாமை உறுதி, அப்போது பத்தியத்தைத் தொடரலாம். வராவிட்டால் உங்களுக்கும் பாலுக்கும் பகையில்லை. நன்றாக வளர்கிற குழந்தைகளில் நிறையப் பேருக்கு இந்த ரத்தம் தானாகவே நின்றுவிடும். நாம் எதையாவது விட்ட நேரமும் அது நின்ற நேரமும் ஒன்றாக அமைந்துவிட்டால், பழி அந்த உணவின் மேல் விழுந்துவிடும். உங்கள் மகளைப் போல நன்றாக வளரும் குழந்தைக்கு, எதையும் விடாமல் சில வாரம் பொறுத்துப் பார்ப்போம் என்று உங்கள் மருத்துவர் சொன்னாலும் அது தவறில்லை.

புட்டிக்கு மாறச் சொல்கிறவர்களிடம் ஒன்று கேளுங்கள்: அந்தப் புட்டியில் என்ன இருக்கும்? சாதாரணப் பால்மாவு பசும்பாலில் செய்ததுதான். துளியாய் வந்ததை நிறுத்திவிட்டுக் குடத்தோடு கவிழ்ப்பது போலாகும். நான் தொழிலுக்கு வந்த புதிதில் இதே தவறைச் செய்தேன். ஒரு தாயிடம் தாய்ப்பாலை நிறுத்தச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். பத்தே நாளில் குழந்தை வாந்தியும் ரத்தப்போக்குமாகத் திரும்பி வந்தது. தாய்க்கோ அதற்குள் பால் வற்றிப்போயிருந்தது. அந்தச் சீட்டில் இருந்த என் கையெழுத்து இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

அடுத்த கடிதம்: நான் பாட்டி எழுதுகிறேன். ஏழு மாதப் பேரனுக்குப் பால்மாவு கொடுத்தால் உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக வந்துவிடுகிறது. பசும்பால் அலர்ஜி என்கிறார் டாக்டர். ஆட்டுப்பால் லேசானதுதானே, நன்றாகக் காய்ச்சித் தண்ணீர் சேர்த்துக் கொடுக்கலாமா? இல்லாவிட்டால் லாக்டோஸ் இல்லாத பால் என்று விற்கிறார்களே, அது?

அம்மா, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் மூன்றும் வேண்டாம்.

பசும்பால் ஒவ்வாமை உள்ள 100 குழந்தைகளில் 90-க்கும் மேற்பட்டவர்களுக்கு ஆட்டுப்பாலும் ஒத்துக்கொள்ளாது. மாடும் ஆடும் வேறு வேறு உருவம், ஆனால் அவற்றின் பால் புரதங்கள் அண்ணன் தம்பி மாதிரி. எருமைப்பாலும் செம்மறிப்பாலும் அதே குடும்பம்தான். பேரனுக்குத் தடிப்பு வந்திருப்பதால், ஒரு வாய் கொடுத்துத்தான் பார்ப்போமே என்றும் இறங்கிவிடாதீர்கள். ஆட்டுப்பாலில் ஃபோலிக் அமிலம் மிகக் குறைவு, அதையே நம்பி வளரும் குழந்தைக்கு ரத்தசோகை வரும் என்பது தனிக் கவலை.

காய்ச்சுவது பற்றி. பால் புரதத்தில் ஏறக்குறைய 80 சதவீதம் கேசீன். எவ்வளவு கொதித்தாலும் அது பெரிதாக மாறாது. தண்ணீர் சேர்த்தால் குழந்தைக்குச் சத்து குறையுமே தவிர ஒவ்வாமை குறையாது.

லாக்டோஸ் என்பது பாலில் இருக்கும் சர்க்கரை. பேரனின் உடம்பு சண்டை போடுவது புரதத்தோடு. லாக்டோஸ் நீக்கிய பாலில் சர்க்கரை போயிருக்கும், புரதம் அப்படியே இருக்கும். இந்தக் குழப்பம் பாட்டிகளுக்கு மட்டும் இல்லை, படித்தவர்களுக்கும் உண்டு. தாய்ப்பாலில் லாக்டோஸ் 100 மில்லிக்குச் சுமார் 7 கிராம், பசும்பாலில் இருப்பதைவிட அதிகம். கைக்குழந்தைகள் அதைச் செரிக்கிற வசதியோடுதான் பிறக்கிறார்கள். கடுமையான வயிற்றுப்போக்குக்குப் பிறகு சில வாரம் லாக்டோஸ் செரிக்காமல் போகலாம், பிறகு சரியாகிவிடும். பிறவியிலேயே செரிக்காதது மிக மிக அபூர்வம்.

அடுத்த கடிதம்: குழந்தைக்குப் பால் கொடுத்து இரண்டு நாளில் தோலில் கரப்பான் கிளம்புகிறது, மலத்தில் சளி வருகிறது. ஆனால் ரத்தப் பரிசோதனையில் அலர்ஜி இல்லை என்று வந்துவிட்டது. பிறகு தனியார் ஆய்வுக்கூடம் ஒன்றில் ஐஜிஜி என்று எடுத்தார்கள். அதில் 40 உணவுகள் ஆகாது என்று பட்டியல் வந்திருக்கிறது. எதை நம்புவது?

இரண்டாவது பட்டியலைக் கிழித்துப் போடுங்கள். ஐஜிஜி என்பது ரத்தத்தில் இருக்கும் ஒரு எதிர்ப்புப் புரதம். அது இருக்கிறது என்றால் அந்த உணவு உடம்புக்கு அறிமுகமாகியிருக்கிறது என்றுதான் அர்த்தம். அதை வைத்து ஒவ்வாமையைச் சொல்ல முடியாது.

முதல் பரிசோதனை ஐஜிஇ என்ற இன்னொரு எதிர்ப்புப் புரதத்தைப் பார்த்திருக்கும். பால் ஒவ்வாமை இரண்டு விதம். ஒன்று, குடித்த சில நிமிடத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்பு, வீக்கம், வாந்தி என்று கிளம்புவது. அதற்குக் காரணம் ஐஜிஇ, ரத்தத்திலும் தோல் குத்துப் பரிசோதனையிலும் தெரியும். மற்றது, பல மணி நேரமோ ஓரிரு நாளோ கழித்து மெல்லத் தலைகாட்டுவது. உங்கள் குழந்தைக்கு இருப்பது இரண்டாவது ரகமாக இருக்கலாம். அதில் ஐஜிஇ-க்கு வேலை இல்லை, எந்த ரத்தப் பரிசோதனையிலும் அது பிடிபடாது. அப்புறம் எப்படித்தான் கண்டுபிடிப்பது? மேலே முதல் கடிதத்துக்குச் சொன்னதுதான்: மருத்துவர் துணையோடு நிறுத்துங்கள், பிறகு திரும்பக் கொடுத்துப் பாருங்கள். சாயம் போன பழைய முறைதான், ஆனால் அதைவிட நல்லது இன்னும் வரவில்லை.

அடுத்த கடிதம்: ஐந்து மாத மகனுக்குச் சிறப்புப் பால்மாவு எழுதிக் கொடுத்தார்கள். வாயில் வைத்தவுடன் முகத்தைச் சுளித்துத் துப்புகிறான். மூன்று நாளாகப் போராட்டம்.

நீங்கள் அதைச் சுவைத்துப் பார்த்தீர்களா? நான் பார்த்திருக்கிறேன். முதலில் ஒரு புளிப்பு. அது போவதற்குள் நாக்கின் அடியில் ஒரு கசப்பு ஏறும், பழைய சாக்கு மூட்டை போல ஒரு வாசனை மூக்குக்குப் போகும். தண்ணீர் குடித்தாலும் அரைமணி நேரம் விலகாது. பையன் நடிக்கவில்லை.

காரணம் இருக்கிறது. ஒவ்வாமையைத் தூண்டாமல் இருக்க அந்த மாவில் புரதத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாக உடைத்திருக்கிறார்கள். உடைந்த துண்டுகள் கசக்கும். வேடிக்கை என்னவென்றால், மூன்று மாதத்துக்கு முன் இதை ஆரம்பித்திருந்தால் அவன் மறுபேச்சில்லாமல் குடித்திருப்பான். நான்கு மாதத்துக்குக் குறைந்த குழந்தைகள் இந்தக் கசப்பைப் பொருட்படுத்துவதில்லை. அதற்கு மேல்தான் நாக்கு நியாயம் பேச ஆரம்பிக்கிறது.

அவனுக்கு உடனே தடிப்போ வீக்கமோ வருகிற ரகம் இல்லை என்று மருத்துவர் உறுதி சொன்னால், பழைய பாலோடு கலந்து பழக்கலாம். முதல் நாள் மூன்று பங்கு பழையது, ஒரு பங்கு புதியது. ஒரு வாரத்தில் படிப்படியாக முழுவதும் புதியதாக்கிவிடுங்கள். உடனடி ரகமாக இருந்தால் இந்தக் கலப்படம் கூடவே கூடாது. நல்ல பசி நேரத்தில் கொடுங்கள். கொடுக்கும்போது நீங்கள் முகம் சுளிக்காதீர்கள், அவன் உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான். மலம் கரும்பச்சையாகப் போகும், பயப்பட வேண்டாம்.

புரதத்தை நன்றாக உடைத்த மாவு 10 குழந்தைகளில் 9 பேருக்காவது ஒத்துக்கொள்ளும். மீதிப் பேருக்கும், மிகக் கடுமையான ஒவ்வாமை உள்ளவர்களுக்கும், புரதத்துக்குப் பதில் அதன் கடைசித் துகள்களான அமினோ அமிலங்களை மட்டும் வைத்துச் செய்த மாவு. பாதி மட்டும் உடைத்து “எச்.ஏ.” (ஒவ்வாமை குறைந்தது) என்று எழுதி விற்கும் டப்பா உண்டு, அது இதற்கு மருந்தாகாது. சோயா மாவை ஆறு மாதத்துக்கு முன் வேண்டாம் என்பார்கள். அதற்குப் பிறகும் சிலருக்குச் சோயாவும் ஒத்துக்கொள்ளாது.

அடுத்த கடிதம்: ஆறு வாரக் குழந்தை. மாலையானால் இரண்டு மூன்று மணி நேரம் வீறிட்டு அழுகிறது, குடித்ததில் கொஞ்சம் கக்குகிறது. கையில் கிடைத்த ஒரு துண்டுப் பிரசுரத்தில் இது பால் அலர்ஜியின் அறிகுறி என்று இருக்கிறது. மாவை மாற்றிவிடலாமா?

அந்தப் பிரசுரத்தை அச்சடித்தது யார், பால்மாவு விற்கிறவர்களா என்று அதன் அடியில் பாருங்கள்.

எந்தக் குழந்தைக்கும் அழுகை உச்சத்தில் இருப்பது ஆறாவது வாரம் வாக்கில்தான். மூன்று நான்கு மாதத்தில் அடங்கிவிடும். முதல் மூன்று மாதத்தில் குழந்தைகளில் பாதிப் பேர் தினமும் கக்குகிறார்கள். எடை ஏறி, தோல் சுத்தமாக இருந்து, மலத்தில் ரத்தம் இல்லாவிட்டால், அழுகைக்கும் கக்கலுக்கும் மட்டும் பாலைக் குற்றவாளியாக்க நான் தயங்குவேன். ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் 12,000 குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து கவனித்து, சந்தேகம் வந்தவர்களுக்கு முறையாகக் கொடுத்துப் பார்த்தபோது, உண்மையான பால் ஒவ்வாமை 200 பேரில் ஒருவருக்குத்தான் உறுதியானது. ஆனால் இங்கிலாந்தில் சிறப்புப் பால்மாவுக்கு எழுதிய மருந்துச் சீட்டுகள் 2006-இல் ஒரு லட்சத்துச் சொச்சம், 2016-இல் ஆறு லட்சத்துக்கு மேல். பத்து வருடத்தில் குழந்தைகளின் குடல் ஆறு மடங்கு கெட்டுப்போய்விட்டதா என்ன!

அடுத்த கடிதம்: ஆறு மாதத்தில் முதன்முதலாகப் பால்மாவு கொடுத்தோம். பத்து நிமிடத்தில் உதடு வீங்கியது, உடம்பெல்லாம் தடிப்பு, இருமல். ஊசி போட்டுச் சரியாகிவிட்டது. நீங்கள் அடிக்கடி “திரும்பக் கொடுத்துப் பாருங்கள்” என்று எழுதுகிறீர்களே, ஒரு சொட்டு வீட்டில் கொடுத்துப் பார்க்கலாமா?

கூடாது. இந்தப் பத்தியில் நான் சொன்னதையெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

உதட்டு வீக்கமும் இருமலும் பத்து நிமிடத்தில் வந்த குழந்தைக்கு அடுத்த முறை மூச்சே அடைக்கலாம். எப்போது, எப்படித் திரும்பக் கொடுப்பது என்பதை ஒவ்வாமை நிபுணர் முடிவு செய்வார், மருத்துவமனையில் வைத்துத்தான் கொடுப்பார்கள். அதுவரை வீட்டில் ஒரு சொட்டும் வேண்டாம். அட்ரினலின் ஊசி கையில் வைத்திருக்க வேண்டுமா என்று அவரிடமே கேளுங்கள். தப்பித்தவறிப் பால் போய்விட்டு, குரல் கம்மி, மூச்சு இழுத்து, உடல் துவண்டால் ஒவ்வாமைச் சிரப் கொடுத்துக் காத்திருக்க வேண்டாம், உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

வீட்டில் முயலக் கூடாத இன்னொரு வகையும் உண்டு. பால் குடித்து ஒன்றிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் விடாமல் வாந்தி எடுத்து, வெளிறி, துணிபோலத் துவண்டுவிடும் குழந்தைகள். தோலில் ஒரு தடிப்பும் இருக்காது. உணவு நஞ்சென்றும் கிருமித் தொற்றென்றும் நினைத்து இரண்டு மூன்று முறை ஏமாந்த பிறகுதான் பெரும்பாலும் பிடிபடும்.

கடைசிக் கடிதம்: மகளுக்கு 14 மாதம். ஐந்து மாதத்தில் ரத்தமும் சளியும் போய், பாலை நிறுத்தி, திரும்பக் கொடுத்து உறுதிப்படுத்தினார்கள். அதிலிருந்து பால் இல்லை, நன்றாக இருக்கிறாள். இப்போது பிஸ்கட்டிலிருந்து தொடங்கச் சொல்கிறார் டாக்டர். எனக்குக் கை வரவில்லை.

எனக்கும் வரவில்லை. என் இரண்டாவது மகனுக்கு இதேதான் இருந்தது. ஒரு வயதில் திரும்பத் தொடங்கியிருக்க வேண்டும். ஊருக்கெல்லாம் சொல்லும் டாக்டர், தன் பிள்ளைக்கு வந்தபோது இந்த வாரம் சளி, அடுத்த வாரம் பல் முளைக்கிறது, அதற்கடுத்த வாரம் பயணம் என்று ஒன்றரை வருடம் தள்ளினேன். இரண்டரை வயதில் ஒரு நாள் அவன் கையில் தண்ணீர்க் குவளையைக் கொடுத்தேன். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, “இதில் பால் இருக்காம்மா?” என்று கேட்டான். அன்று சாயங்காலமே பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தேன். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை.

உங்கள் மகளுக்கு இருந்தது தாமத ரகம். ஒரு வயதிலிருந்து மூன்று வயதுக்குள் இவர்களில் பெரும்பாலோருக்கு ஒவ்வாமை போய்விடும். கரப்பானோ உடனடித் தடிப்போ இடையில் எப்போதாவது வந்திருந்தால் மட்டும், தொடங்கும் முன் மருத்துவரிடம் சொல்லி ஐஜிஇ பார்த்துக்கொள்ளுங்கள்.

பிஸ்கட் ஏன் முதலில் என்றால், அடுப்பின் நீண்ட சூடும் மாவோடு சேர்ந்து வெந்ததும் பால் புரதத்தின் முனையை மழுக்கிவிடும், இருப்பதும் கொஞ்சம்தான். அது ஒத்துக்கொண்டால் கேக், பிறகு பாலாடைக்கட்டி, தயிர், கடைசியில்தான் பால். ஒவ்வொரு படியிலும் எத்தனை நாள் என்பதை உங்கள் மருத்துவர் சொல்வார்.

காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் இல்லாத ஒரு வாரமாகப் பாருங்கள். வேறு புது உணவு எதையும் அந்த வாரம் தொடங்காதீர்கள். காலையில் கொடுங்கள், பகல் முழுக்கக் கண்ணெதிரில் இருப்பாள். முதல் நாள் சுண்டுவிரல் நக அளவு போதும். ஒரு நோட்டில் தேதி, அளவு, மலம், தோல், தூக்கம் என்று ஒவ்வொரு வரி எழுதுங்கள். ரத்தமோ சளியோ வந்தால் நிறுத்திவிட்டு, சில மாதம் கழித்து அதே படியிலிருந்து பார்க்கலாம். அதனால் நிரந்தரக் கேடு ஒன்றும் வந்துவிடாது.

நோட்டின் முதல் பக்கத்தை நகலெடுத்து எனக்கு அனுப்புங்கள், அடுத்த மாதம் பார்க்கிறேன். டயப்பர் படம் மட்டும் வேண்டாம், கடிதம் பிரிப்பவர் லீவு கேட்கிறார்.